ஏழு இயந்திரங்களும் ஆயிரத்து ஐந்நூறு மாணவர்களும்

1993ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் வடக்கிலுள்ள ஒரு வைத்தியசாலையின் விடுதியில் ஓர் இரவு முழுவதையும் கழிக்க நேர்ந்தது. பத்திரிகைத் தொழிலுக்கு அப்போது நான் புதியவன். எறிகணை வீச்சில் காயமடைந்தோரின் பெயர் விபரங்களைச் சேகரிப்பதற்காகச் சைக்கிளில் சென்றிருந்தேன். மழையும் இருளும் சேர்ந்துகொண்டதால் வீடு திரும்ப முடியவில்லை. குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. மின்பிறப்பாக்கியை எந்நேரமும் இயக்குவதற்கு எரிபொருள் கிடையாது. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத்தான் முதலிடம். விடுதிகளில் ஜாம் போத்தல் விளக்குகளே எரிந்துகொண்டிருந்தன.

விடுதியின் மூலையில் ஒரு கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தனர். இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் கண்மூடிக் கிடந்தான். வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவனை எட்டடி விரியன் தீண்டியிருந்தது. அந்தப் பாம்பின் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்வது. கண்ணிமை விழும், பேச்சுப் போகும், கடைசியில் மூச்சு நிற்கும். ஆனால் நஞ்சு இறங்கும் வரை யாராவது மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் பிழைத்துவிடுவார். அங்கே மூச்சைக் கொடுக்க இயந்திரம் இருக்கவில்லை. அவனது வாய்வழியே செலுத்தப்பட்டிருந்த குழாயின் முனையில் ஒரு றப்பர் பை. அந்தப் பையை அவனுடைய தகப்பனார் அமத்திக்கொண்டிருந்தார். வெங்காயத் தோட்டம் செய்பவர். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை.

"ஐயா, எண்ணிக்கை பிழைச்சிடும் எண்டு பயப்பிடாதேங்கோ. நீங்கள் மூச்சு எடுக்கேக்கை அவருக்கும் ஒருக்கா அமத்துங்கோ. அவருக்குக் காது கேக்கும், கதையுங்கோ" என்று தாதி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவரும் கதைத்தார். மழை வெள்ளம் வயலுக்குள் நிற்பதைப் பற்றியும், அயல்வீட்டுக்காரரின் மாடு கன்று ஈன்றதைப் பற்றியும் கதைத்துக்கொண்டே விடியும் வரை அமத்தினார். கை சோர்ந்தபோது மூத்த மகன் வாங்கினான். பின்னர் ஊரவர் ஒருவர். ஒரு மணித்தியாலம் போல நானும். தாதி அந்தப் பையை 'அம்பு' என்று குறிப்பிட்டார். வில்லும் அம்பும் என்றே என் மனம் எடுத்துக்கொண்டது. எமனை நோக்கி எய்யப்படும் அம்பு போலும் என எண்ணி, குறிப்புப் புத்தகத்திலும் அவ்வாறே எழுதி வைத்தேன்.

அந்தச் சொல் டென்மார்க்கிலிருந்து வந்தது என்பதை அறிய எனக்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு நாமெல்லோரும் வீடுகளுக்குள் அடைந்து கிடந்தபோது, உலகத்தின் செய்திகள் யாவும் ஒரேயொரு கணக்கையே பேசிக்கொண்டிருந்தன. எந்த நாட்டில் எத்தனை செயற்கைச் சுவாசக் கருவிகள் உள்ளன என்பதே அந்தக் கணக்கு. அமைச்சர்களும் அதையே சொன்னார்கள், தொலைக்காட்சிகளும் அதையே காட்டின. கலைப்பட்டதாரியான எனக்கு மருத்துவ விஞ்ஞானத்தில் பயிற்சி கிடையாது. ஆனாலும் செய்திக்குப் பின்னாலுள்ள வரலாற்றைத் தேடுவது முப்பதாண்டுப் பழக்கம். அந்தத் தேடலே என்னை 1952ஆம் ஆண்டின் கொப்பன்ஹேகன் நகருக்கு இட்டுச் சென்றது.

அக்கதையைச் சொல்வதற்கு முன்னர் இரும்பு நுரையீரலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இளம்பிள்ளை வாதம் என்று நாம் அழைக்கும் போலியோ நோய் கால்களை மட்டுமன்றி மூச்சுத் தசைகளையும் முடக்கக்கூடியது. அவ்வாறு முடங்கியோரைக் காப்பதற்காக அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிரிங்கரும் லூயிஸ் ஷோவும் 1928இல் ஓர் இயந்திரத்தை உருவாக்கினர். நோயாளியின் தலை வெளியே இருக்க, உடல் முழுவதும் ஓர் உலோக உருளைக்குள் அடங்கும். உருளைக்குள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கும்போது மார்பு விரிந்து மூச்சு உள்ளே செல்லும். அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும்போது மூச்சு வெளியேறும். விலையோ மிக அதிகம்.

அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த எட்வேர்ட் போத் என்பவர் 1937இல் இதனை ஒட்டுப்பலகையால் மலிவாகச் செய்து காட்டினார். அதனை அறிந்த பிரித்தானிய மோட்டார் கார் அதிபர் நஃபீல்ட் பிரபு, 1938 முதல் தமது கௌலி தொழிற்சாலையில் அத்தகைய பெட்டிகளைச் செய்வித்து வைத்தியசாலைகளுக்கு இலவசமாக வழங்கினார். 1,700க்கும் மேற்பட்ட பெட்டிகள் அவ்வாறு வழங்கப்பட்டன. கார் தொழிற்சாலையில் சுவாசக் கருவி செய்வது 2020இல் தோன்றிய புதுமை என்று எண்ணியிருப்போருக்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

இனி கொப்பன்ஹேகனுக்கு வருவோம். 1951 செப்டெம்பரில் போலியோ நோய் பற்றிய இரண்டாவது சர்வதேச மாநாடு அந்த நகரிலேயே நடைபெற்றது. உலகின் தலைசிறந்த நிபுணர்கள் கூடிப் பேசிக் கலைந்து ஓராண்டு முடிவதற்குள் அதே நகரை அதே நோய் தாக்கியது. தொற்றுநோய்களுக்கென அங்கிருந்த பிளெக்டாம் வைத்தியசாலையில் 1952 ஜூலை பிற்பகுதி தொடக்கம் டிசம்பர் தொடக்கம் வரை 2,700க்கும் அதிகமான போலியோ நோயாளர்கள் அனுமதிக்கப்பட்டனர். உச்சக்கட்டத்தில் ஒரே நாளில் 50 பேர் வரை வந்தனர். பலர் சிறுவர்கள். இவர்களுள் 866 பேருக்கு உடலில் செயலிழப்பு ஏற்பட்டது. விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாத நிலைக்கு 300க்கும் அதிகமானோர் சென்றனர்.

அவ்வளவு பேருக்கும் அந்த வைத்தியசாலையில் இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பின்மீது கவசம்போல் பொருத்தும் ஆறு சிறு கருவிகளுமே. ஆக மொத்தம் ஏழு.

அந்த ஏழும் போதிய பலனளித்திருந்தாலாவது ஆறுதல் கொள்ளலாம். முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளில் வைத்துச் சிகிச்சையளிக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மூன்று நாட்களுக்குள்ளேயே இறந்தனர். அந்த வைத்தியசாலையின் தலைமை வைத்தியர் லாஸன் அனுபவமும் பொறுப்பும் மிக்கவர். தம்மிடமுள்ள கருவியை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதோடு, கொடுத்தும் பயனில்லாமற் போவது ஏன் என்ற கேள்வியையும் அவர் எதிர்நோக்கினார். தொற்று அடங்குவதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. நூற்றுக்கணக்கானோர் இறப்பர் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது.

லாஸனின் கீழ்ப் பணியாற்றிய பியோர்ன்போ என்ற வைத்தியர் ஓர் ஆலோசனை கூறினார். சில மாதங்களுக்கு முன்னர் ஏற்புவலி கண்ட ஒரு பச்சிளங் குழந்தைக்குச் சிகிச்சையளித்த வேளையில் பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணரோடு அவர் சேர்ந்து செயற்பட்டிருந்தார். அந்த நிபுணரை அழைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். இன்றைய வாசகருக்கு இது சாதாரண யோசனையாகத் தோன்றலாம். அக்காலத்தில் மயக்கமருந்து கொடுப்பவரின் இடம் சத்திரசிகிச்சைக் கூடத்திற்குள் மட்டுமே. தொற்றுநோய் விடுதியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பதே அன்றைய மருத்துவ உலகின் மரபு. லாஸனுக்கும் தயக்கம் இருந்தது. ஆயினும் ஓகஸ்ட் 25ஆந் திகதி இப்சன் அழைக்கப்பட்டார்.

இப்சனுக்கு அப்போது வயது 36. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அன்றைய தினம் நோயாளரைப் பார்வையிட்டதோடு, இறந்துபோன நால்வரின் பிரேத பரிசோதனைகளையும் அவர் கவனித்தார். நுரையீரல்கள் பெரிதாகப் பழுதடைந்திருக்கவில்லை. அப்படியாயின் ஏன் இறந்தார்கள்? இறக்கும் தறுவாயில் அவர்களது உடல் வியர்த்தது. குருதி அழுத்தம் ஏறியது. குருதியில் காபனீரொட்சைட்டின் மொத்த அளவு மிகுந்திருந்தது. இதனைக் குருதியில் காரத்தன்மை கூடியதன் அடையாளம் என்றே அங்கிருந்த வைத்தியர்கள் கருதியிருந்தனர். இப்சனோ சத்திரசிகிச்சைக் கூடத்தில் இத்தகைய வியர்வையை அறிந்தவர். மயக்கத்திலிருக்கும் நோயாளிக்குக் காற்றோட்டம் போதாதபோது ஏற்படும் அறிகுறி அது. இவர்கள் மூளையைத் தாக்கிய நோயால் இறக்கவில்லை, வெளியேற வேண்டிய வாயு வெளியேறாமல் தேங்கியதாலேயே இறக்கிறார்கள் என்று அவர் சொன்னார். கொடுக்கப்பட்ட ஒட்சிசனால் தோல் சிவந்து நலமாகத் தோன்றியது. அந்தத் தோற்றமே உண்மையை மறைத்தது.

இரண்டு நாட்களின் பின்னர், ஓகஸ்ட் 27ஆந் திகதி, தமது கூற்றை நிரூபிக்குமாறு இப்சனிடம் ஒரு நோயாளி ஒப்படைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுமி. கைகால்கள் யாவும் செயலிழந்து, தன் உமிழ்நீரிலேயே மூச்சுத்திணறிக்கொண்டிருந்தாள். கழுத்தின் முன்புறத்தில் வாதனாளியில் துளையிட்டுக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. அக்குழாயோடு றப்பர் பையை இணைத்து இப்சன் காற்றைச் செலுத்த முனைந்தார். சிறுமி திமிறினாள். சுவாசக் குழல்கள் இறுகிக்கொண்டன. காற்று உள்ளே செல்லவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த வைத்தியர்கள் முயற்சி தோற்றதென எண்ணி அங்கிருந்து அகன்றதாகப் பிற்காலத்தில் இப்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்நிலையில் அவர் பெந்தோதால் மருந்தை ஏற்றினார். சிறுமியின் சொந்த மூச்சு முற்றாக நின்றது. இறுக்கமும் தளர்ந்தது. பையை அமத்தினார்; மார்பு உயர்ந்தது. சிறிது நேரத்தில் வியர்வை அடங்கி, நாடியும் குருதி அழுத்தமும் சீரடைந்தன. பின்னர் அவளை மார்புக் கவசக் கருவிக்கு மாற்றியபோது நிலைமை மீண்டும் மோசமானது. பைக்குத் திரும்பியதும் தேறியது. அங்கிருந்தோர் தம் கண்களாலேயே வித்தியாசத்தைக் கண்டனர். அந்தச் சிறுமி அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தாள்.

இப்சனின் வழிமுறை எவ்வளவு சரியானதோ அவ்வளவு இடர்ப்பாடானதுமாகும். ஒரு றப்பர் பை, ஓர் ஒட்சிசன் உருளை, காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்புக் குவளை ஆகியவை போதும். விலை சொற்பம். ஆனால் அந்தப் பையை யாராவது அமத்திக்கொண்டேயிருக்க வேண்டும். சத்திரசிகிச்சையென்றால் இரண்டு மூன்று மணித்தியாலங்களில் முடிந்துவிடும். இங்கே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், இரவு பகலாக அமத்த வேண்டும். நிமிடத்துக்கு 20 தடவை என்று கொண்டால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 28,800 தடவை.

லாஸன் தயங்கியவர் என்று சொன்னேன். உண்மையைக் கண்டபின் அவர் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். தமது தவறை ஒப்புக்கொள்வது கௌரவக் குறைவு என்று கருதாது, வைத்தியசாலை முழுவதையும் சில நாட்களுக்குள் இப்புதிய முறைக்கு மாற்றியமைத்தார். நகரின் மருத்துவ மாணவர்களும் பல்மருத்துவ மாணவர்களும் அழைக்கப்பட்டனர். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து வந்தனர். ஆறு முதல் எட்டு மணித்தியாலங்கள் கொண்ட முறைகளாகப் பிரித்து நாளொன்றுக்கு 250 பேர் வரை பணிபுரிந்தனர். உச்சக்கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் மாணவர்களின் கைகளால் மூச்சுவிட்டனர். ஏழு கருவிகள் இருந்த இடத்தில் எழுபது பேர்! மாணவர்கள் செலவிட்ட நேரம் மொத்தம் 165,000 மணித்தியாலங்கள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மேற்சொன்ன வேகத்தில் பெருக்கிப் பார்த்தால் பத்தொன்பது கோடிக்கும் அதிகமான தடவைகள் அந்தப் பைகள் அமத்தப்பட்டிருக்கின்றன.

மாணவர்கள் தனியே விடப்படவில்லை. மயக்கமருந்து வைத்தியர்கள் கட்டிலுக்குக் கட்டில் சென்று மேற்பார்வை செய்தனர். தாதியர் சளியை உறிஞ்சியெடுத்தனர். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தனர். ஆய்வுகூடத்தின் பொறுப்பாளரான போல் ஆஸ்ட்ரப் குருதியின் அமிலத்தன்மையை அளந்து, அதிலிருந்து காபனீரொட்சைட்டின் அளவைக் கணிக்கும் முறையை அந்த நெருக்கடிக்குள்ளேயே வகுத்தார். பையை வேகமாக அமத்துவதா மெதுவாக அமத்துவதா என்பதை அந்த அளவீடே தீர்மானித்தது. இன்று உலகெங்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாளாந்தம் செய்யப்படும் குருதி வாயுப் பரிசோதனையின் தொடக்கம் இங்கேதான்.

கழுத்தில் குழாய் இருப்பதால் நோயாளிகளால் பேச முடியாது. கண்களாலும் உதட்டசைவாலும் மட்டுமே எதையும் உணர்த்தலாம். இருபது வயது மாணவர் ஒருவர் பத்து வயதுப் பிள்ளையின் தலைமாட்டில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பார். ஒரு கை பையை அமத்தும். மறு கையில் கதைப் புத்தகம். வாசித்துக் காட்டினர், விளையாட்டுக் காட்டினர். தம் பொறுப்பிலிருந்த பிள்ளை இறப்பதையும் சிலர் கண்டனர். மறுநாள் மீண்டும் வந்தனர். என்ன நோய் அந்தப் பிள்ளைகளை முடக்கியதோ அது தமக்கும் தொற்றலாம் என்பதை அறிந்தே வந்தனர். அப்போது அதற்குத் தடுப்பூசி கிடையாது. சால்க்கின் தடுப்பூசி பயனளிப்பதாக அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரலில்தான்.

தொடக்கத்தில் நூற்றுக்கு 87ஆக இருந்த இறப்பு வீதம் அவ்வாண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆயினும் பிழைத்தவர் எல்லோரும் எழுந்து நடக்கவில்லை என்பதை மறைக்கலாகாது. சிலர் வாழ்நாள் முழுவதும் பிறர் உதவியிலும் இயந்திரத்தின் தயவிலும் வாழ்ந்தனர். அந்தக் கைகள் மீட்டது உயிரை மட்டுமே. வாழ்க்கையை மீட்க வேறு பல கைகள் பல ஆண்டுகளுக்குத் தேவைப்பட்டன.

இதன் பின்னர் நடந்தவை மருத்துவ வரலாற்றில் பதிவானவை. சுவீடன் நாட்டு வைத்தியர் எங்ஸ்ட்ரோம் உருவாக்கியிருந்த, காற்றை நுரையீரலுக்குள் செலுத்தும் இயந்திரம் 1953இல் ஸ்டொக்ஹோமில் போலியோ பரவியபோது பெருமளவில் பயன்பட்டது. மாணவரின் கை செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில் இப்சன் கொப்பன்ஹேகன் நகராட்சி வைத்தியசாலையில், மூச்சுக்கும் குருதியோட்டத்திற்கும் இடையறாத கண்காணிப்பு வேண்டிய நோயாளர்களுக்காகத் தனிப்பிரிவொன்றை ஆரம்பித்தார். உலகின் முதலாவது அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலராலும் கொள்ளப்படுவது அதுவே. கொப்பன்ஹேகனைச் சேர்ந்த மற்றொரு மயக்கமருந்து நிபுணரான ஹென்னிங் ரூபன், ஹொல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியியலாளருடன் சேர்ந்து, அமத்திவிட்டால் தானாகவே மீண்டும் விரிந்து காற்றை நிரப்பிக்கொள்ளும் பையை உருவாக்கினார். ஒட்சிசன் உருளை கிடைக்காத வேளையிலும் அது வேலை செய்யும். பாரவூர்திச் சாரதிகளின் வேலைநிறுத்தத்தால் ஒட்சிசன் விநியோகம் தடைப்படவிருந்ததே இம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று என்பர். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'அம்பு'.

மின்சாரமும் இல்லாமல், ஒட்சிசனும் அருமையாகிப்போன எமது ஊர் விடுதியில் அந்தத் தோட்டக்காரரின் கையில் இருந்தது அந்தப் பையின் வழிவந்ததே.

மீண்டும் 2020க்கு வருகிறேன். அவ்வாண்டு பெப்ரவரியில் நோய் தலைகாட்டியபோது, ஒரு கோடி மக்கள் வாழும் இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தில் சுமார் 720 அதிதீவிர சிகிச்சைக் கட்டில்கள் இருந்தன. ஐரோப்பாவின் செல்வம் மிக்க பிரதேசங்களில் ஒன்று அது. மார்ச் 6ஆந் திகதி இத்தாலிய மயக்கமருந்து வைத்தியர் சங்கம் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. கட்டில்கள் போதாதபோது வயதெல்லை விதிக்கவும் நேரலாம் என்பதை அது வெளிப்படையாகச் சொன்னது. லாஸன் ஒரு பிள்ளையையும் மறு பிள்ளையையும் பார்த்து நின்ற அதே இடத்தில், 68 ஆண்டுகளின் பின்னர் அவருடைய வழித்தோன்றல்கள் நின்றார்கள்.

பிரித்தானிய அரசாங்கம் 30,000 சுவாசக் கருவிகளை இலக்காக வைத்தது. நஃபீல்ட் பிரபுவின் காலத்தைப் போலவே கார் நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் களமிறங்கின. அவை கூட்டாக 13,000க்கும் அதிகமான கருவிகளைச் செய்து கொடுத்தமை பெரும் சாதனை. லண்டனில் கண்காட்சி மண்டபம் ஒன்று நைற்றிங்கேல் வைத்தியசாலையாக மாற்றப்பட்டு ஏப்ரல் 3ஆந் திகதி திறக்கப்பட்டது. 4,000 கட்டில்கள் வரை இடமுண்டு என்றனர். முதல் அலையில் அங்கு சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். ஏனைய வைத்தியசாலைகள் தத்தம் விடுதிகளை விரித்துச் சமாளித்தமை அதற்கு ஒரு காரணம். பயிற்சி பெற்ற தாதியரை அங்கே அனுப்ப முடியாமற் போனமை மற்றொரு காரணம். சுவாசக் கருவியில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்பது அந்நாட்டு வழக்கம். அந்த வசந்த காலத்தில் ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு அதைத் தளர்த்தவும் அனுமதிக்கப்பட்டது.

லண்டனில் தாதியாகப் பணிபுரியும் என் பள்ளித் தோழனின் மகள் அந்நாட்களில் ஒருநாள் தொலைபேசியில் கதைத்தாள். பன்னிரண்டு மணிநேர வேலை முடிந்து வந்தவளின் குரல் கம்மிப் போயிருந்தது. "மெஷின்கள் வந்து இறங்குது மாமா. ஆனால் ஒவ்வொண்டையும் பார்க்க ஆள் எங்கை? நான் ஒரு பக்கம் திரும்பினால் மற்றப் பக்கம் அலாம் அடிக்குது" என்றாள். ஒரு பத்தி முழுவதும் எழுதி நான் விளக்க முயன்றதை அவள் மூன்று வசனங்களில் சொல்லிவிட்டாள்.

எமது பிராந்தியமும் விதிவிலக்காகவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் டில்லியில் கட்டிலும் கருவியும் இருந்தும் ஒட்சிசன் தீர்ந்துபோனதால் நோயாளர்கள் இறந்தனர். இந்தியாவின் சில மாவட்டங்களில், இயக்கத் தெரிந்தவர் இல்லாமையால் புதிய சுவாசக் கருவிகள் உறை பிரிக்கப்படாமலே கிடந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு ஓகஸ்டில் இலங்கையில் டெல்டா அலை உச்சமடைந்தபோது, விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசனை ஏற்றிய இந்தியக் கடற்படைக் கப்பல் கொழும்புக்கு வந்து சேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

1952இன் உதாரணத்தை அப்படியே 2020க்குப் பொருத்த முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். போலியோவிலும் விரியன் கடியிலும் தசைதான் முடங்கும். நுரையீரல் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். கொவிட் நுரையீரலையே தாக்கியது. நீர் கோத்து இறுகிய நுரையீரலுக்கு அளந்த அழுத்தத்தில், ஒருபோதும் முற்றாகச் சுருங்கவிடாமல், காற்றைச் செலுத்த வேண்டும். கைப்பையால் வாரக்கணக்கில் அது கைகூடாது. அமத்துபவரின் முகத்திலேயே கிருமி பறக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே இயந்திரங்கள் தேவைதான். இன்னும் பல தேவைதான். இயந்திரத்தை இகழ்ந்து மனிதக் கையைப் புகழ்வது என் நோக்கமன்று.

நான் சொல்ல விரும்புவது கணக்கைப் பற்றியது. பிளெக்டாம் வைத்தியசாலையின் கொள்ளளவு என்னவென்று 1952 ஓகஸ்ட் 24ஆந் திகதி ஒருவர் கேட்டிருந்தால் 'ஏழு' என்பதே பதிலாக இருந்திருக்கும். சில வாரங்களின் பின்னர் பதில் 'எழுபது'. இடையில் எந்தத் தொழிற்சாலையும் எதையும் செய்து அனுப்பவில்லை. நோயின் தன்மையைச் சரியாக அறிந்த ஒருவர், அவர் சொன்னதைக் கேட்டு மாறிய ஒரு தலைவர், அளந்து சொல்ல ஓர் ஆய்வுகூடம், கற்பித்தால் கற்றுக்கொள்ளக்கூடிய ஆயிரத்து ஐந்நூறு இளையோர், அவர்களை முறைவைத்து அமர்த்தும் ஓர் ஒழுங்கு. கொள்ளளவு பத்து மடங்கானது இவற்றால்தான். அடுத்த பெருந்தொற்று வரும்போது அமைச்சர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி எம்மிடம் இத்தனை ஆயிரம் கருவிகள் உண்டு என்று சொல்வார். அவற்றின் அருகில் இரவு இரண்டு மணிக்கு நிற்கப்போவது யார், அவருக்குக் கற்பித்தவர் யார், அவர் களைத்தால் மாற்றுவதற்கு யார் என்று அவரிடம் கேட்க வேண்டியது பத்திரிகையாளரின் கடமை. 2020 மார்ச்சில் நானும் அதைக் கேட்கவில்லை. எண்ணிக்கையைத்தான் எழுதினேன்.

அந்த விரியன் கடித்த இளைஞனுக்கு என்னவாயிற்று என்று அறிவதற்காக மூன்றாம் நாள் மீண்டும் அந்த வைத்தியசாலைக்குச் சென்றேன். அன்று விடியற்காலையில் அவன் இமைகள் சற்றே திறந்திருந்தன. மார்பும் தானாக அசையத் தொடங்கியிருந்தது. இனி அமத்தத் தேவையில்லை என்று வைத்தியர் வந்து சொன்னபோது, "நிப்பாட்டலாமோ? மெய்யாவே நிப்பாட்டலாமோ?" என்று அந்தத் தகப்பனார் இருமுறை கேட்டாராம். அதன் பிறகும் பையைக் கீழே வைக்காமல் மகனின் மார்பையே பார்த்தபடி கன நேரம் கையில் வைத்திருந்தார் என்று தாதி சொன்னார்.